கட்டி முடித்த மருத்துவ பாக்கி கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏன் நீடிக்கிறது?

அமெரிக்காவில் ஒருவருடைய மருத்துவக் கட்டணம் நிலுவையாகி, கலெக்‌ஷன் ஏஜென்சி எனப்படும் வசூல் நிறுவனத்தின் கைக்குப் போய், பிறகு முழுவதுமாகக் கட்டப்பட்டுவிட்டால், அந்தப் பதிவு, வீட்டுக்கடன் போன்றவை தருபவர்கள் பார்க்கும் கடன் வரலாற்று அறிக்கையான அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்கக் கூடாது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களும் 2022 மார்ச் 18 அன்று கூட்டாக அறிவித்து, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆகவே, பணம் கட்டிய பிறகும் பதிவு மறையவில்லை என்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு விவரம் தவறாக ஏறியிருக்கிறது என்றே பொருள். அந்தத் தவறு எது என்று கண்டுபிடித்துத் திருத்தச் சொல்வதுதான் வேலை. யாரிடமும் கருணை காட்டும்படி கேட்க வேண்டிய நிலை முதல் கட்டத்தில் இல்லை. இந்த வேறுபாடு தெரியாததால் பலர் இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களை மாற்றி மாற்றி அனுப்பி, ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள்.

மருத்துவமனை பாக்கிக்கும் வீட்டுக்கடனுக்கும் என்ன சம்பந்தம் என்று இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்குத் தோன்றலாம். இந்தியாவில் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் தருபவை வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தாம். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. ஒரு மருத்துவமனை தன் பாக்கியை நேராக சிபிலில் ஏற்ற வழியில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளும் பொதுவாக நேரடியாக ஏற்றுவதில்லை. ஆனால் பாக்கியை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றன, அல்லது விற்றுவிடுகின்றன. அந்த நிறுவனம் அதைக் கடன் பதிவாக ஏற்றுகிறது. எச்-1பி விசாவில் வந்து ஓரிரண்டு ஆண்டுகளே ஆன ஒரு தமிழ்க் குடும்பத்தின் ரிப்போர்ட்டில் மொத்தமே இரண்டு கிரெடிட் கார்டும் ஒரு கார் கடனும்தான் இருக்கும் என்பதால், அதற்கு நடுவே வரும் ஒரேயொரு கலெக்‌ஷன் பதிவு, இருபது ஆண்டு வரலாறு உள்ளவருக்குச் செய்வதைவிடப் பெரிய சேதத்தைச் செய்துவிடுகிறது.

2022க்கு முன்பு நிலைமை இன்னும் விசித்திரமானது. பாக்கியைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும், கலெக்‌ஷன் பதிவு முதலில் தவணை தவறிய காலத்திலிருந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ரிப்போர்ட்டில் இருக்க 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இடம் கொடுத்தது. அந்த ரிப்போர்ட்டை வைத்துக் கடன் மதிப்பெண் கணிக்கும் பழைய ஃபைகோ முறைகள், கட்டிய கலெக்‌ஷனையும் கட்டாத கலெக்‌ஷனையும் கிட்டத்தட்ட ஒரே கண்ணோடு பார்த்தன. கடனைத் தீர்த்தவருக்குக் கிடைத்த ஒரே மாற்றம், ரிப்போர்ட்டில் தொகை பூஜ்யமாகக் காட்டப்பட்டது மட்டுமே. அமெரிக்க அரசு அமைப்பான நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவக் கலெக்‌ஷனைக் கட்டித் தீர்த்தவர்களின் மதிப்பெண், அவர்கள் பிற கடன்களை உண்மையில் திருப்பிக் கட்டும் விதத்தோடு ஒப்பிட்டால், 22 புள்ளிகள் வரை குறைவாகக் கணிக்கப்படுகிறது என்று காட்டியது. மருத்துவ பாக்கி கடன் வாங்கும் ஒழுக்கத்தைக் காட்டுவதில்லை, காப்பீட்டு நிறுவனமும் மருத்துவமனையும் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலத்தையே பல வேளைகளில் காட்டுகிறது என்ற வாதத்துக்கு அந்த ஆய்வு எண்களால் வலுச் சேர்த்தது.

அதே 2014இல் வந்த ஃபைகோ 9, கட்டிய கலெக்‌ஷன்களைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டது. அது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டதே தவிர, வீடு வாங்குவோருக்குப் பயன்படவில்லை. ஏனெனில் வீட்டுக்கடன் தருபவர்கள் ஃபைகோ 2, 4, 5 என்ற பழைய முறைகளையே தொடர்ந்து பயன்படுத்தினார்கள். இந்த இடத்தில்தான் 2022 அறிவிப்பின் அருமை தெரிகிறது. மதிப்பெண் முறையைத் திருத்துவதற்குப் பதிலாக, மதிப்பெண் எதை வைத்துக் கணிக்கப்படுகிறதோ அந்த ரிப்போர்ட்டிலிருந்தே பதிவை எடுத்துவிட்டால், கடன் தருபவர் எந்தக் காலத்து முறையைப் பயன்படுத்தினாலும் அது கண்ணில் படாது.

அறிவிப்புக்கு முந்திய சில ஆண்டுகளும் கவனிக்கத் தக்கவை. நியூயார்க் தலைமை வழக்கறிஞர் அலுவலகமும் வேறு பல மாநிலங்களும் 2015இல் மூன்று நிறுவனங்களோடும் செய்துகொண்ட உடன்பாடுகளின் விளைவாக, மருத்துவ பாக்கியை ரிப்போர்ட்டில் ஏற்றுவதற்கு முன் 180 நாள் காத்திருக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டிவிட்டால் பதிவை நீக்க வேண்டும் என்ற விதிகள் 2017இல் வந்தன. கவனியுங்கள்: காப்பீட்டு நிறுவனம் கட்டினால் பதிவு போகும்; நோயாளியே தன் கைக்காசைக் கட்டினால் போகாது. இந்த அநியாயம் ஐந்தாண்டு நீடித்தது. 2022 மார்ச் 1 அன்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம், 4.3 கோடி ரிப்போர்ட்களில் 8,800 கோடி டாலர் மருத்துவ பாக்கி ஏறியிருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. மூன்று நிறுவனங்களின் கூட்டறிவிப்பு அதே மாதத்தில் வந்தது. காத்திருப்புக் காலம் 180 நாளிலிருந்து ஓராண்டாக உயர்ந்தது. 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கலெக்‌ஷன்கள், கட்டாதவையே ஆனாலும், 2023 ஏப்ரலில் நீக்கப்பட்டன.

இனி, கட்டிய பதிவு எப்படித் தங்கிவிடுகிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். டெக்சாஸில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயிற்றுவலி என்று நள்ளிரவில் எமர்ஜென்சிக்குப் போகிறார், ஸ்கேன் எடுக்கிறார்கள். மருத்துவமனை தனியாக பில் அனுப்புகிறது, அங்கே பார்த்த மருத்துவரின் குழுமம் தனியாக அனுப்புகிறது, ஸ்கேன் படத்தைப் படித்துச் சொன்ன கதிரியக்கக் குழுமமோ, நோயாளி பெயரைக்கூடக் கேள்விப்படாத மூன்றாவது நிறுவனம். அந்த 640 டாலர் பில், டிடக்டபிள், அதாவது காப்பீடு பொறுப்பேற்கும் முன் நோயாளியே கட்ட வேண்டிய தொகை, இன்னும் முடியவில்லை என்று காப்பீட்டு நிறுவனத்தால் அவர் தலையிலேயே வைக்கப்பட்டு, அவர் காலிசெய்துவிட்டுப் போன பழைய அபார்ட்மென்ட்டுக்கு மூன்று முறை போகிறது. பிறகு வசூல் நிறுவனம். ஓராண்டு கழித்து ரிப்போர்ட்டில் பதிவு. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிகிறது. 640 டாலரையும் அன்றே கட்டிவிடுகிறார். அடுத்த ரிப்போர்ட்டில் இரண்டு நிறுவனங்களிடம் பதிவு மறைந்திருக்கிறது. மூன்றாவதில் மட்டும் ‘கட்டப்பட்டது, முன்பு கலெக்‌ஷன்’ என்ற குறிப்போடு, தொகை பூஜ்யம் என்று காட்டியபடி நிற்கிறது.

வசூல் நிறுவனங்கள் தகவலை மெட்ரோ 2 என்ற பொது வடிவத்தில் அனுப்புகின்றன. அதில் ஒவ்வொரு கணக்குக்கும் பல கட்டங்கள் உண்டு. பாக்கி முதலில் யாருக்குச் சேர வேண்டியதோ அந்த மூலக் கடன்காரர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதற்கு ஒரு குறியீடு. மருத்துவம் என்றால் 02. கணக்கின் நிலைக்கு இன்னொரு குறியீடு. கலெக்‌ஷனாக இருந்து முழுதும் கட்டப்பட்டது என்றால் 62. கணக்கையே அழித்துவிடு என்றால் டிஏ. இது மருத்துவ பாக்கி என்பதையும் அது தீர்ந்துவிட்டது என்பதையும் கடன் தகவல் நிறுவனத்தின் கணினி இத்தகைய கட்டங்களிலிருந்துதான் அறிகிறது. பில் எதற்கானது என்று அங்கே யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. கதிரியக்கக் குழுமத்தின் பெயரில் ‘மருத்துவம்’ என்ற சாயலே இல்லாமல், வசூல் நிறுவனத்தின் எழுத்தர் வகையைத் தவறாகப் போட்டிருந்தால், அந்த 640 டாலர் சாதாரணக் கடனாகிவிடுகிறது. சாதாரணக் கடனுக்கு 2022 ஏற்பாடு பொருந்தாது. இந்தக் குறியீடுகள் நுகர்வோருக்குத் தரப்படும் ரிப்போர்ட்டில் அப்படியே தெரிவதில்லை. ஆனால் கணக்கின் வகை, மூலக் கடன்காரர், தொகை, நிலை என்ற நான்கையும் மூன்று ரிப்போர்ட்களிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது மாறுபடுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதைவிட எளிய காரணங்களும் உண்டு. பணம் மருத்துவமனைக்கு நேராகக் கட்டப்பட்டு, மருத்துவமனை அதை வசூல் நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ரசீதில் கணக்கு எண் வேறாக இருக்கலாம். வட்டி என்றோ கட்டணம் என்றோ பதினைந்து டாலர் மிச்சம் நிற்கலாம். இதில் ஒரு நுணுக்கம்: 500 டாலர் வரம்பு, முதலில் பதிவான தொகைக்குத்தான், இப்போது மிஞ்சியிருக்கும் தொகைக்கு அல்ல. 640இல் 300 கட்டினால் மிச்சம் 340தானே என்று பதிவு போய்விடாது. பகுதித் தொகை கட்டுவதால் ரிப்போர்ட்டில் எந்த லாபமும் இல்லை. மாறாக, பல மாநிலங்களில் அது வழக்குப் போடுவதற்கான காலவரம்பைப் புதிதாகத் தொடக்கிவிடும். தொகையைக் குறைத்துப் பேசி முடிப்பதாக இருந்தால், மீதம் ஏதுமில்லை, கணக்கு தீர்ந்தது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டே பணத்தை அனுப்ப வேண்டும்.

முதல் வேலை, மூன்று ரிப்போர்ட்களையும் எடுப்பது. ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் என்ற பொது இணையதளத்தில் மூன்றையும் வாரம் ஒருமுறை இலவசமாகப் பெறலாம். அடுத்து, வசூல் நிறுவனத்திடமிருந்து கணக்கு எண், கட்டிய தேதி, தொகை பூஜ்யம் என்ற மூன்றும் அடங்கிய கடிதம். இதோடு மூல பில்லின் நகல், எந்தச் சேவைக்கு யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் ஈஓபி விளக்கப் படிவம், வங்கிக் கணக்கில் பணம் போனதைக் காட்டும் பக்கம். ஈஓபி முக்கியம், அது ஒன்றுதான் இந்தப் பாக்கி மருத்துவ சேவைக்கானது என்பதை எந்த ஐயமும் இல்லாமல் நிறுவுகிறது.

பிறகு, பதிவு இன்னும் நிற்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கு மறுப்பு, அதாவது டிஸ்ப்யூட், அனுப்ப வேண்டும். இங்கே எழுதும் சொற்களில் கவனம் தேவை. வந்த மறுப்பு, இரண்டு மூன்று குறியீடுகளாகச் சுருக்கப்பட்டு, மின்னணு முறையில் வசூல் நிறுவனத்துக்குப் போகிறது. ‘இந்தக் கணக்கு என்னுடையது அல்ல’ என்று மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதினால், வசூல் நிறுவனம் பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்து, பொருந்துகிறது என்று பதில் போட்டுவிடும். அவ்வளவுதான், பதிவு உறுதியாகிவிட்டது. உண்மையான காரணத்தையே, சுருக்கமாக எழுத வேண்டும்: இது மருத்துவ பாக்கி, இன்ன தேதியில் முழுதும் கட்டப்பட்டது, கட்டிய மருத்துவக் கலெக்‌ஷன்களை நீங்கள் 2022 ஜூலை முதல் ரிப்போர்ட்டில் காட்டுவதில்லை, ஆதாரங்கள் இணைக்கப்பட்டுள்ளன, நீக்குக. வகை தவறாக ஏறியிருப்பதாகத் தெரிந்தால் அதையும் தனி வாக்கியமாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் அனுப்பலாம், எனினும், ஆதாரங்கள் பல பக்கமாக இருக்கும்போது, சர்டிஃபைட் மெயிலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புவதையே நான் விரும்புவேன். பின்னால் வழக்கறிஞரிடம் போக நேர்ந்தால், எந்த நாளில் எதைப் பெற்றார்கள் என்பதற்கு அந்த அட்டை பேசும்.

சட்டம் அவர்களுக்கு 30 நாள் தருகிறது. இடையில் கூடுதல் ஆதாரம் அனுப்பினால் 45 நாள் வரை நீளலாம். அதற்குள் சரிபார்க்க முடியாத தகவலை நீக்கியாக வேண்டும். முடிவை, விசாரணை முடிந்த ஐந்து வேலை நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதே மறுப்பைப் புதிய ஆதாரமின்றித் திரும்ப அனுப்பினால், அற்பமானது என்று ஒதுக்கவும் சட்டம் இடம் தருகிறது. மாதம் ஒரு கடிதம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கச் சொல்லும் ஆலோசனைகள் இதை மறந்துவிடுகின்றன. வசூல் நிறுவனத்துக்கும் நேராக எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் கடன் தகவல் நிறுவனத்தின் வழியே மறுப்புப் போன பிறகு வசூல் நிறுவனம் சரியாக விசாரிக்கவில்லை என்றால்தான் அதன்மீது தனிநபர் வழக்குத் தொடுக்க முடியும். வசூல் நிறுவனத்துக்கு மட்டும் எழுதியவருக்கு அந்த வழி திறப்பதில்லை. வேண்டுமென்றே சட்டத்தை மீறியதாக நிறுவப்பட்டால், இழப்பு எவ்வளவு என்று காட்ட முடியாதபோதும் 100 முதல் 1,000 டாலர் வரை ஈடும், வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்கும். வழக்கு வரை போகாமலே, நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தில் புகார் பதிவதும் ஒரு வழி.

வீட்டுக்கடன் கையெழுத்தாக இரண்டு வாரமே இருக்கிறது என்றால் 30 நாள் காத்திருக்க இயலாது. அப்போது கடன் தருபவர் வழியாக ரேபிட் ரீஸ்கோர் கேட்கலாம். ஆதாரத்தைக் கொடுத்தால் சில நாள்களில் ரிப்போர்ட் திருத்தப்பட்டு, மதிப்பெண் மீண்டும் கணிக்கப்படும். இதை நுகர்வோர் நேராகக் கேட்க முடியாது.

இணையத்தில் புகழ்பெற்ற ‘ஹிப்பா கடிதம்’ பற்றியும் ஒரு சொல். நோயாளியின் தகவலை வசூல் நிறுவனத்துக்குக் கொடுத்ததே ஹிப்பா எனப்படும் 1996ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்ட மீறல், ஆகவே பதிவை நீக்கு என்று மிரட்டும் கடிதம் அது. கட்டணம் வசூலிப்பதற்காகத் தேவையான அளவு தகவலைப் பகிர ஹிப்பா விதிகளே அனுமதிக்கின்றன. இந்தக் கடிதத்தால் பதிவு நீங்கியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கியதற்குக் காரணம், அவர்கள் கூடவே மருத்துவமனையில் பணத்தைக் கட்டியிருந்ததுதான் என்று நினைக்கிறேன். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ரிப்போர்ட்டைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் நிறுவனங்களும் அனுப்புவது இதே மறுப்புக் கடிதங்களைத்தான்.

பணத்தை எப்படிக் கட்டுகிறோம் என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வசூல் நிறுவனத்துக்குக் கிரெடிட் கார்டில் கட்டினால் கலெக்‌ஷன் தீர்ந்தது, பதிவும் போகும். ஆனால் அந்த 640 டாலர் இப்போது சாதாரண அட்டைக் கடன். அதில் தவணை தவறினால், அது மருத்துவச் செலவு என்ற சலுகை எதுவும் கிடையாது: ஓராண்டுக் காத்திருப்பும் இல்லை, 500 டாலர் வரம்பும் இல்லை, பிறகு கட்டினால் நீக்கமும் இல்லை. மருத்துவமனை வரவேற்பறையிலேயே நீட்டப்படும் மருத்துவக் கிரெடிட் கார்டுகளுக்கும் இதுவே பொருந்தும். இன்னும் முன்னால் போனால், கட்ட வேண்டுமா என்பதையே முதலில் கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கற்ற மருத்துவமனைகள், முதல் பில்லிலிருந்து 120 நாள் ஆகும் முன் பாக்கியைக் கடன் ரிப்போர்ட்டுக்கு அனுப்பக் கூடாது. 240 நாள் வரை வரும் நிதி உதவி விண்ணப்பத்தை ஏற்றாக வேண்டும். தகுதி இருந்தால், அனுப்பிய பதிவைத் திரும்பப் பெற முயல வேண்டிய பொறுப்பும் அவற்றுக்கு உண்டு.

இவ்வளவுக்கும் அடிப்படையான 2022 ஏற்பாடு சட்டம் அல்ல என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அது மூன்று தனியார் நிறுவனங்களின் சொந்த முடிவு. நாளையே கைவிட்டாலும் கேட்பதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் பிரிவு இல்லை. அதைச் சட்டமாக்கும் முயற்சி நடந்தது. 2025 ஜனவரி 7 அன்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம், கட்டியவை, கட்டாதவை என்ற பாகுபாடின்றி எல்லா மருத்துவ பாக்கிகளையும் கடன் ரிப்போர்ட்களிலிருந்து விலக்கும் விதியை இறுதிசெய்தது, ஏறத்தாழ 1.5 கோடிப் பேரின் ரிப்போர்ட்களிலிருந்து 4,900 கோடி டாலர் மறையும் என்று அப்போது கணக்கிடப்பட்டது. ஆட்சி மாறியபின் பணியகமே தன் விதியை எதிர்த்தவர்களோடு சேர்ந்துகொள்ள, டெக்சாஸ் கிழக்கு மாவட்ட நீதிமன்றம் 2025 ஜூலை 11 அன்று, பணியகம் தன் அதிகாரத்தை மீறிவிட்டது என்று சொல்லி விதியை ரத்து செய்தது.

கொலராடோ, நியூயார்க், கலிஃபோர்னியா, இல்லினாய், நியூ ஜெர்சி உள்ளிட்ட பல மாநிலங்கள் மருத்துவ பாக்கியை ரிப்போர்ட்டில் காட்டத் தாமே தடை போட்டிருக்கின்றன. அங்கே இருப்பவர் மறுப்புக் கடிதத்தில் மாநிலச் சட்டத்தையும் சேர்த்துக் குறிப்பிடலாம். ஆனால் 2025 அக்டோபரில் அதே பணியகம், இப்படிப்பட்ட மாநிலச் சட்டங்களைக் கூட்டாட்சிச் சட்டம் மேலோங்கிவிடுகிறது என்று விளக்கம் வெளியிட்டிருக்கிறது. மெய்ன் மாநிலத்தின் சட்டம் குறித்த வழக்கில் ஃபர்ஸ்ட் சர்க்யூட் எனப்படும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் கூட்டாட்சிச் சட்டம் அவ்வளவு விரிவாக மேலோங்குவதை ஏற்கவில்லை என்பதால், இந்த விளக்கத்தால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடாது.

இந்த நிலையில், பதிவு கண்ணில் படவில்லை என்பதோடு நின்றுவிடாமல், அது எப்படி மறைந்தது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. கடன் தகவல் நிறுவனம் தன் கொள்கைப்படி மறைத்துவைத்திருப்பது ஒன்று. வசூல் நிறுவனமே டிஏ குறியீட்டை அனுப்பிக் கணக்கை அழித்துவிடுவது வேறு. முன்னது கொள்கை மாறினால் மாறக்கூடியது. பின்னதில், அழித்த தகவல் பின்னொரு நாள் திரும்ப ஏறுவதற்கு வசூல் நிறுவனம் மறுபடி அனுப்ப வேண்டும். அதிலும், மறுப்பின் பேரில் நீக்கப்பட்ட பதிவாக இருந்தால், தகவல் முழுமையும் சரியும் என்று அந்நிறுவனம் சான்றளித்தாக வேண்டும், கடன் தகவல் நிறுவனமும் ஐந்து வேலை நாள்களுக்குள் நமக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். எனவே பணம் கட்டியதற்கான கடிதத்தைக் கேட்கும்போதே, மூன்று நிறுவனங்களுக்கும் நீக்கல் அனுப்பப்பட்டது என்ற ஒரு வரியையும் அதில் சேர்த்துத் தரும்படி வசூல் நிறுவனத்திடம் கேட்கலாம். அந்தக் கடிதத்தை, முதலில் தவணை தவறிய நாளிலிருந்து ஏழரை ஆண்டு முடியும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தீர்ந்துபோன பாக்கி பட்டியலோடு பட்டியலாக வேறொரு வசூல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, புதிய கணக்கு எண்ணில் மறுபடி முளைப்பதும் இந்தத் தொழிலில் நடக்கிறது.